ஈப்போ டீச்சர்: நூற்றாண்டு மலருக்கு எழுதணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க

கிளுவைவேலி

எல்லாருக்கும் வணக்கமுங்க.

எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நூறு வருசம் ஆகுது. ராசிபுரத்துல இருந்து நாமகிரிப்பேட்டை போற ரோட்டுல பாதி வழியில வடக்கால திரும்பணும். ஊர் பேரையும் டீச்சர் பேரையும் பொதுவுல போட வேண்டாம்னு அவங்க வீட்டுல கேட்டுக்கிட்டாங்க, அதனால ரெண்டும் இங்க வராது. எங்களுக்கெல்லாம் அவங்க எப்பவும் ‘ஈப்போ டீச்சர்’தான். மலர்ல அவங்களைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதுற பொறுப்பு எனக்கு வந்திருக்கு.

1951ல இருந்து 1984 வரைக்கும் ஒரே பள்ளிக்கூடம். ஒண்ணாவதுல இருந்து அஞ்சாவது வரை. நான் 61ல சேர்ந்தவன்.

அவங்க பொறந்தது மலாயாவுல, பேராக்குல, ஈப்போ பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல. இந்தப் பக்கத்துல இருந்து கங்காணி கூட்டிட்டுப் போன குடும்பம். 1943ல, பதினேழு வயசுல, நேதாஜி பெண்களுக்குன்னே ஆரம்பிச்ச ஜான்சி ராணி படையில சேர்ந்தாங்க. இம்பால் வரைக்கும் போயி துப்பாக்கி பிடிச்சுச் சண்டை போட்டாங்கன்னு ஊர்ல சொல்லுவாங்க. நாடு விட்டு நாடு வந்து, பயிற்சி முடிச்சு, எங்க ஊருக்கு வாத்தியாரா வந்தாங்க. கல்யாணம் பண்ணிக்கல.

எனக்கு நெம்ப நல்லா ஞாபகம் இருக்கிறது ஒண்ணு. அதை மட்டும் நான் எழுதிடறேன், மத்ததை நீங்க சேருங்க.

காலையில பிரேயர் முடிஞ்சு வகுப்புக்குள்ள போற வழியில, திண்ணைப் படியில ஒரு முக்காலி போட்டு உக்காந்திருப்பாங்க. ஒவ்வொருத்தரா நிறுத்தி, ‘காலைத் தூக்கு கண்ணு’ம்பாங்க. எங்க யாருக்கும் செருப்புக் கிடையாது. இட்டேரியில வந்தவனுக்குக் கிளுவை முள்ளு, காட்டு வழியா வந்தவனுக்கு வேலா முள்ளும் நெருஞ்சியும். மடியில ஒரு பழைய துணியை விரிச்சு, அதுமேல எங்க காலைத் தூக்கி வச்சு, உள்ளங்காலைப் பெருவிரலால அமுக்கிக்கிட்டே வருவாங்க. எந்த இடத்துல நாம வெடுக்குனு இழுக்கறோமோ அங்க நிறுத்துவாங்க. பித்தளை முள்ளுவாங்கி ஒண்ணு இருந்துச்சு, ஒரு பக்கம் இடுக்கி, மறு பக்கம் ஊசி. அந்த ஊசியைச் சிம்னி வெளக்குல காட்டி, தோலை லேசா நிமிண்டி, முள்ளை முழுசா எடுத்து, நம்ம கையிலயே கொடுத்துருவாங்க. ‘முனை இருக்குதா பாரு.’ முனை ஒடைஞ்சிருந்தா மறுபடியும் தேடுவாங்க. அப்பறம் வேப்பெண்ணெய். அறுபது பிள்ளைகள்ல தெனமும் ஆறேழு பேருக்காவது இது நடக்கும். பாடம் அரை மணி நேரம் தள்ளிப் போனாலும் கவலைப்பட மாட்டாங்க.

அந்தக் காலத்துல எங்க ஊர்ல யாரு காலை யாரு தொடுறதுங்கறது சாதாரண விஷயமில்லீங்க. பண்ணையத்துக்காரர் வீட்டுப் பையன் காலும், கடைசித் தெருப் பையன் காலும் அதே மடியில, அதே துணி மேல. முதல் வருசம் இதுக்குப் பெரிய சச்சரவு ஆகி, ரெண்டு வீட்டுல பசங்களை நிறுத்தியே வச்சிருந்தாங்கன்னு எங்கய்யன் சொல்லுவாரு. டீச்சர் வீடு வீடாப் போயிக் கூப்பிடவும் இல்ல, முக்காலியை எடுத்து உள்ள வைக்கவும் இல்ல. ஒரு மாசத்துல பசங்க தானா வந்துட்டாங்க.

---

ராசிபுரத்தான்

அண்ணா, படிச்சிட்டு அப்படியே உக்காந்துட்டேன். நான் 79 செட்டு. அந்த முக்காலி அப்பவும் இருந்துச்சு. செருப்பு வந்திருச்சு, ஆனாலும் காலைப் பார்ப்பாங்க. நகம் வெட்டாம வந்தா வெட்டி விடுவாங்க.

காலையில வரிசை நிக்கறதும் எழுதுங்க. எங்க டீச்சர் மாதிரி டிரில் எடுத்தவங்களை நான் அப்பறம் காலேஜ் என்.சி.சி.யிலயும் பார்க்கல.

---

வரலாறு வாத்தியார்

ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். கிளுவைவேலி அய்யா எழுதிய முள்ளுவாங்கிப் பகுதியை அப்படியே மலரில் போடுங்கள். ஒன்றை மட்டும் திருத்திக்கொள்வது நல்லது. ஜான்சி ராணி படை இம்பாலில் சண்டை போடவில்லை. ஊரில் அப்படிச் சொல்வது இயல்புதான், ஆனால் அச்சில் போய்விட்டால் நாளைக்கு யாராவது இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் பொய் என்பார்கள்.

நடந்தது இது. 1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. 1943 ஜூலையில் நேதாஜி அங்கே வந்து சேர்ந்ததுமே பெண்களுக்கென்று ஒரு படை வேண்டும் என்றார். சிங்கப்பூரில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த சென்னைக்காரர் டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் இருபது பெண்களைச் சேர்த்து, துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்து, சில நாட்களுக்குள் நேதாஜிக்கு அணிவகுப்பு மரியாதை கொடுக்க வைத்தார். கேப்டன் லட்சுமி என்று நாம் சொல்வது அவரைத்தான். அக்டோபர் 21ல் நேதாஜியின் ஆசாத் ஹிந்த் (சுதந்திர இந்தியா) அரசு அறிவிக்கப்பட்டது, மறுநாள் 22ல் பெண்கள் முகாம் திறந்தார்கள். சேர்ந்தவர்களில் பெரும்பகுதி மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால் பார்த்தே இராதவர்கள் அவர்களில் ஏராளம். உங்கள் டீச்சரும் அப்படித்தான் இருந்திருப்பார்.

1944ல் ஒரு பகுதியினரைப் பர்மாவுக்கு அனுப்பினார்கள். போர்முனைக்கு அனுப்பச் சொல்லி அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதற்குள் இம்பால் முற்றுகை தோற்றுப் பின்வாங்கல் தொடங்கிவிட்டது. மேமியோ ஆஸ்பத்திரியில் காயம்பட்டும் மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் வந்து குவிந்த சிப்பாய்களைப் பார்த்துக்கொண்டது இந்தப் பெண்கள்தான். குண்டு போடும் விமானங்களுக்குக் கீழே அந்த வேலையைச் செய்தார்கள். என் மனசில் அது சண்டைக்கு ஒரு படியும் குறைந்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேதாஜி படையில் சாதிக்கு ஒன்று, மதத்துக்கு ஒன்று என்று தனித்தனிச் சமையல் கிடையாது, எல்லாருக்கும் ஒரே அடுப்பு. வெள்ளைக்காரன் பட்டாளத்தில் அது நடக்கவில்லை. பதினேழு, பதினெட்டு வயசில் அந்த அடுப்பில் சாப்பிட்டு வளர்ந்த ஒருவர் உங்கள் ஊர்த் திண்ணையில் ஏன் அப்படி ஒரே துணியை விரித்தார் என்பது எனக்குப் புரிகிற மாதிரி இருக்கிறது.

---

கிளுவைவேலி

வாத்தியாரய்யா, ரொம்ப நன்றிங்க. இம்பாலை எடுத்துடறேன். யோசிச்சுப் பார்த்தா அவங்க வாயால இம்பால்னு சொன்னதே இல்ல. நாங்கதான் பெருமைக்குச் சேர்த்துக்கிட்டோம். ஆஸ்பத்திரின்னு சொல்லியிருக்காங்க. ஒரு தடவை எனக்கு அம்மை போட்டப்ப எங்க சாளைக்கே வந்து, எங்கம்மாவை அக்கட்டால போகச் சொல்லிட்டு ராத்திரி பூரா உக்காந்திருந்தாங்க. ‘இதை விட மோசமா எத்தனையோ பார்த்திருக்கேன், விடியறதுக்குள்ள சூடு எறங்கிரும்’னு சொன்னது எனக்கே காதுல கேட்டுச்சு.

---

மேட்டூர்க் கால்வாய்

தப்பா எடுத்துக்காதீங்க. நான் கேக்கறது டீச்சரைக் குறைச்சுப் பேசறதுக்கு இல்ல. நேதாஜி படையில இருந்தேன்னு அந்தக் காலத்துல பலபேர் சொன்னாங்க. பென்ஷன் வந்ததுக்கு அப்பறம் இன்னும் நிறையப் பேர் சொன்னாங்க. எங்க சொந்தத்துலயே ஒருத்தர் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு, அவர் மதுரையைத் தாண்டுனதே இல்லைன்னு பின்னால தெரிஞ்சுது. டீச்சர்கிட்ட ஏதாவது காகிதம், போட்டோ, பேட்ஜ் இருந்துச்சா? மலர்ல ‘சுதந்திரப் போராட்ட வீராங்கனை’னு போடறதா இருந்தா கேக்கத்தானே செய்வாங்க?

---

கிளுவைவேலி

கேக்க வேண்டிய கேள்விதானுங்க. மலர்க் குழுவுலயும் இதையேதான் கேட்டாங்க. எங்களுக்குத் தெரிஞ்சு காகிதம் ஒண்ணும் இல்ல.

பென்ஷன் கதை ஒண்ணு இருக்கு. 1972ல நாடு விடுதலையான வெள்ளிவிழாவுக்கு மத்திய சர்க்கார் தியாகி பென்ஷன் அறிவிச்சாங்க, மாசம் 200 ரூபாய். ஊர்ப் பெரியவங்க சேர்ந்து டீச்சரை ஒரு விண்ணப்பம் போட வச்சாங்க. ஆறு மாசம் கழிச்சு ‘சான்று இணைக்கப்படவில்லை’ன்னு திரும்பி வந்துச்சு. எந்த ஆபீசுன்னு சொல்ல வேண்டாம், அவங்க விதிப்படி அவங்க செஞ்சாங்க. ஆனா அங்க ஒருத்தர் ‘பொம்பளைங்க எங்கம்மா பட்டாளத்துக்குப் போனாங்க’ன்னு எல்லார் முன்னாலயும் கேட்டிருக்கார். டீச்சர் பதில் பேசாம வந்துட்டாங்களாம். எங்கய்யன் கூடப் போயிருந்தாரு. பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் அவருக்குத்தான் ஆத்திரம். டீச்சர் அடுத்த நாள் பரீட்சைக்குக் கேள்வித்தாள் எழுதிக்கிட்டே வந்தாங்கன்னு சொல்லுவாரு. மறுபடி விண்ணப்பம் போடவே இல்ல.

---

பழைய குமாஸ்தா

தாலுக்கா ஆபீசுல முப்பத்து மூணு வருசம் இருந்தவன். அந்த விண்ணப்பங்களை என் கையால வாங்கி மேல அனுப்பியிருக்கேன். ஜெயிலுக்குப் போனவங்களுக்கு ஜெயில் ரெக்கார்டு இருக்கும், ஒரு சர்ட்டிபிகேட் வாங்கினா முடிஞ்சுது. ஐ.என்.ஏ., அதாவது நேதாஜி படை ஆளுகளுக்குத்தான் கஷ்டம். கூட இருந்தவங்க யாராவது சான்று கொடுக்கணும். மதுரை, ராமநாதபுரம் பக்கத்துல ஒரே ஊர்ல நாலஞ்சு பேர் இருப்பாங்க, ஒருத்தருக்கு ஒருத்தர் கையெழுத்துப் போட்டுக்குவாங்க. ராசிபுரம் பக்கம் ஒத்தையா இருக்கிற ஒரு பெண்ணுக்கு யார் கையெழுத்துப் போடுவா? அவங்க கூட இருந்தவங்க எல்லாம் மலேசியாவுல. சண்டை முடிஞ்சப்ப அந்தப் பெண்களை வெள்ளைக்காரங்க விசாரிச்சிட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, பெரும்பாலும் ஜெயில்ல போடல. அப்ப ஜெயில் காகிதமும் கிடையாது.

காகிதம் இல்லாததுனால பொய்னு ஆகிடாதுங்க. என் சர்வீசுல உண்மையான ஆளுக திரும்பிப் போனதைப் பார்த்து நான் பட்ட வெசனம் இன்னும் இருக்கு.

---

ராசிபுரத்தான்

ஒண்ணு கேக்கணும். 79ல எங்களுக்கு ‘நேராக நில், இயல்பாக நில்’னு தமிழ்லதான் டிரில். ஆனா எங்க அண்ணன் காலத்துல இந்தியில சொல்லுவாங்கன்னு அவன் சொல்லுவான். நிஜமா?

---

கிளுவைவேலி

நிஜம்தானுங்க. இது எழுதியே ஆகணும்.

நான் சேர்ந்தப்ப ‘சாவ்தான்! விஷ்ராம்!’தான். என்ன அர்த்தம்னு எங்களுக்குத் தெரியாது. ‘சாவ்தான்’னா குதிகால் ரெண்டும் ஒட்டுக்கா டக்குனு சேரணும், அவ்வளவுதான் தெரியும். வெறும் கால்ல சத்தம் வராது. ஆனா மண்ணுல அறுபது ஜோடிக் குதிகால் ஒரே நேரத்துல சேர்ற அந்த ‘தொப்’ எனக்கு இன்னைக்கும் கேக்குது.

65 ஜனவரியில இந்தி எதிர்ப்பு ஆரம்பிச்சுது. பிப்ரவரி 12ல பொள்ளாச்சியில துப்பாக்கிச் சூடு. கொங்கு நாடு பூரா கொதிச்சுக்கிட்டு இருந்த நேரம். நான் நாலாவது. ராசிபுரத்துல படிச்சுக்கிட்டிருந்த எங்க ஊர்ப் பெரிய பசங்க, எல்லாரும் டீச்சர்கிட்டப் படிச்சவங்கதான், சைக்கிள்ல வந்து பள்ளிக்கூட வாசல்ல நின்னாங்க. கத்தல, கல் எடுக்கல. ஒருத்தர் மட்டும் உள்ள வந்து, ‘டீச்சர், இந்த வார்த்தை இங்க வேண்டாமுங்க’ன்னாரு. குரல் நடுங்குச்சு அவருக்கு. டீச்சர் சித்த நேரம் அவரையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. ‘நாளைக்கு வா’ன்னு மட்டும் சொன்னாங்க.

மறுநாள் காலையில நாங்க வரிசையில நிக்கறோம். அந்தப் பசங்க வேலிக்கு வெளிய நிக்கறாங்க. டீச்சர் எப்பவும் போல கையைப் பின்னால கட்டிக்கிட்டு வந்து நின்னாங்க. வாயைத் திறந்தவங்க ஒரு நிமிசம் அப்படியே நின்னுட்டாங்க. அந்த வார்த்தை அவங்களுக்கு இருபது வருசப் பழக்கமில்லீங்களா, நாக்குல முதல்ல அதுதானே வரும். அப்பறம், ‘நேராக... நில்!’ நாங்க யாரும் அசையல. எங்களுக்குப் புரியல. மறுபடியும் சொன்னாங்க. மூணாவது தடவை ‘தொப்’.

அன்னைக்கு முழுசா ஒவ்வொரு கட்டளைக்கும் தமிழ்ல என்ன சொல்லலாம்னு அஞ்சாவது பிள்ளைகளையே கேட்டுக் கரும்பலகையில எழுதினாங்க. 68 ஜனவரியில சட்டமன்றத்துல இருமொழித் தீர்மானம் வந்து, என்.சி.சி.யில இந்திக் கட்டளை கூடாதுன்னு சொன்னாங்க பாருங்க, அதுக்கு மூணு வருசம் முன்னாடியே எங்க பள்ளிக்கூடத்துல தமிழ்க் கட்டளை.

அந்த இந்தி வார்த்தை அவங்களுக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு எங்க யாருக்கும் அப்பத் தெரியாது. பத்து வருசம் கழிச்சுத்தான் எனக்கே புரிஞ்சுது. அவங்க அதைச் சொல்லியிருந்தா அந்தப் பசங்க ஒருவேளை போயிருப்பாங்க. சொல்லல.

---

வரலாறு வாத்தியார்

மேட்டூர்க் கால்வாய் அவர்களே, நீங்கள் கேட்ட சான்றில் ஒரு பங்கு இது. நேதாஜி படையில் கட்டளைகள் இந்துஸ்தானியில்தான். தமிழ்ப் பெண்களுக்கு அந்த மொழியின் எழுத்து தெரியாது என்பதால் அதை ரோமன் எழுத்தில் எழுதிக் கற்றுக்கொடுத்தார்கள். வெள்ளைக்காரன் பட்டாளத்தில் பயிற்சி எடுத்திருந்தால் ‘அட்டென்ஷன்’ என்றல்லவா நாக்கில் வரும்? 1951ல் ராசிபுரத்துக் கிராமத்தில் ஒரு தோட்டக்காட்டுப் பெண் இந்தியில் டிரில் எடுக்க வேறு எங்கே கற்றிருக்க முடியும்?

---

மேட்டூர்க் கால்வாய்

ஒத்துக்கறேங்க. இதை நான் யோசிக்கல.

---

பீளமேட்டுக்காரி

எங்க பெரியம்மாவைப் பத்தி இங்க சொல்லலாமான்னு ரெண்டு நாளா யோசிச்சுக்கிட்டிருந்தேன். அவங்களும் யுத்த காலத்துல சீருடை போட்டவங்க, பின்னால டீச்சர் ஆனவங்க. ஆனா மறுபக்கம். வெள்ளைக்காரங்க 1942ல ஆரம்பிச்ச மகளிர் துணைப்படை, டபிள்யூ.ஏ.சி.னு சொல்லுவாங்க. டெலிபோன் ஆபரேட்டர் வேலை. நாடு பூரா பதினோராயிரம் பேருக்கு மேல அதுல இருந்தாங்க. 47ல கலைச்சாங்க.

அப்ப சூலூர்ல விமான தளம், பீளமேட்டுலயும் பட்டாளத்துக்காரங்க. 42 ஆகஸ்ட்ல சூலூர் விமான தளத்துக்குத் தீ வச்சவங்கள்ல எங்க சொந்தக்காரங்களே இருந்தாங்க. அந்த வீட்டுல இருந்து ஒரு பொண்ணு வெள்ளைக்காரன் சீருடை போட்டா என்ன பேச்சு வாங்கியிருப்பா? பெரியப்பா முதல் வருசமே போயிட்டாரு, கைக்குழந்தை. பர்மா விழுந்ததும் பர்மா அரிசி நின்னு போச்சு, ரேஷன்ல கெடைக்கிறது பத்தாது. அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியும், வேலை கொடுத்தாங்க, போனாங்க. கடைசி வரைக்கும் அந்த போட்டோவைப் பெட்டி அடியிலயே வச்சிருந்தாங்க. முப்பது வருசம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவங்க. அவங்களை யாரும் எந்த மலர்லயும் எழுத மாட்டாங்க.

---

பவானிக்கரை

அம்மா, உங்க பெரியம்மா கஷ்டம் புரியுது. ஆனா இந்த இழையில அதைச் சேர்க்கறது எனக்கு ஒத்துக்க முடியல. ஒருத்தர் விடுதலைக்காக உசுரைக் கொடுக்கப் போனவங்க. இன்னொருத்தர் சம்பளத்துக்குப் போனவங்க. ரெண்டையும் ஒரே தட்டுல வைக்கறது டீச்சருக்குச் செய்யற மரியாதை இல்ல.

---

பீளமேட்டுக்காரி

ஒரே தட்டுல வைங்கன்னு நான் கேக்கலைங்க. பெட்டி அடியில இருந்து எடுத்துப் பார்க்கறதுக்கு ஒரு இடம் கேட்டேன்.

---

கிளுவைவேலி

அம்மிணி, இங்க எழுதுங்க. மலர் எங்க பள்ளிக்கூடத்துக்கு, அதுல எங்க டீச்சர் மட்டும் வருவாங்க. இந்த இழை எல்லாருக்கும். பெரியம்மா எந்த ஊர்ல பாடம் நடத்துனாங்க, என்ன நடத்துனாங்கன்னு தனியா ஒரு இழை ஆரம்பிங்க, நான் முதல் ஆளா வந்து படிப்பேன். பவானிக்கரை தம்பி, உங்க கோபமும் எனக்குப் புரியுதுங்க. விட்டுருங்க.

---

கடைசித் தெரு

கிளுவைவேலி, நீ யாருன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. முன்வரிசையில நீ, பின்வரிசையில நான். அதே மடியில காலை வச்சவன்தான் நானும். ரெண்டு வீட்டுல பசங்களை நிறுத்தினதை எழுதியிருக்கே, நல்லது. எங்க தெருவுல என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாது, அதையும் எழுதிக்கோ.

நான் சேர்ந்தப்ப எங்கம்மாவும் என்னை நிறுத்தினா. பயத்துல. ‘வாத்தியாரம்மா மடியில காலை வச்சியாடா, ஊருக்காரங்க நம்மளைச் சும்மா விடுவாங்களா’ன்னு அழுதா. அன்னைக்குப் பொழுதோட டீச்சர் எங்க தெருவுக்கு வந்தாங்க. வீடு வீடாப் போகலைன்னு நீ எழுதியிருக்கே. உங்க தெருவுக்குத்தான் வரல, எங்க தெருவுக்கு வந்தாங்க. எங்கம்மாகிட்ட ஒண்ணும் விளக்கம் சொல்லல. திண்ணையில உக்காந்து தண்ணி கேட்டாங்க. எங்கம்மா கொடுக்க மாட்டேன்னு நின்னா. கொடுக்கற வரைக்கும் எந்திரிக்கல. குடிச்சிட்டு, ‘நாளைக்குப் பையனை அனுப்பு’ன்னு போயிட்டாங்க.

மதிய சாப்பாடு போட ஆரம்பிச்சது எங்க அக்கா காலத்துல, காமராஜர் கொண்டு வந்தது. எல்லாரும் ஒரே வரிசை. வரிசையோட கடைசியில எங்க பக்கம் ஒரு தட்டோட டீச்சரும் உக்காருவாங்க. நான் எட்டாவது வரைக்கும் படிச்சேன், அப்பறம் லாரி. என் ரெண்டு பொண்ணும் டீச்சர். மலர்ல என் பேரு வேண்டாம், தெருவைப் போடு.

---

கிளுவைவேலி

எனக்கு இது தெரியாதுப்பா. அறுபது வருசமா, அவங்க யார் வீட்டுக்கும் போகலைன்னே நினைச்சுக்கிட்டிருந்தேன், எல்லார்கிட்டயும் அப்படியே சொல்லியும் வச்சிருக்கேன். நீ சொன்னதைத்தான் போடுவேன்.

---

டீச்சர் பேத்தி

வணக்கம். டீச்சரோட தங்கச்சி பேத்தி நான். கடைசி அஞ்சு வருசம் எங்க வீட்டுலதான் இருந்தாங்க. ‘பெரியாத்தா’ன்னுதான் கூப்பிடுவேன். இந்த இழையை எங்கம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன்.

அவங்க யுத்தத்தைப் பத்திப் பேசினது ரொம்பக் கொஞ்சம். நான் கேட்டதை மட்டும் எழுதறேன்.

தாத்தாவை, அதாவது அவங்க அப்பாவை, ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடற வேலைக்குப் பிடிச்சிட்டுப் போனான். வரவே இல்ல. அந்த ரயில் பாதைக்குப் போன தோட்டத் தமிழர்கள்ல ஆயிரக்கணக்கானவங்க அப்படித்தான் வரல. தோட்டத்துல அரிசி கிடையாது. ஜப்பான்காரன் அடிச்ச வாழைமர நோட்டு கட்டுக் கட்டா இருக்கும், வாங்கறதுக்கு ஒண்ணும் இருக்காது. மூணு வேளையும் மரவள்ளிக் கிழங்குதான். அதனால பெரியாத்தா குச்சிக் கிழங்கைத் தொட மாட்டாங்க. எங்க பக்கம் எந்தக் காட்டைப் பார்த்தாலும் குச்சிக் கிழங்கு, எங்க பார்த்தாலும் அதுல சவ்வரிசி செய்யற சேகோ பேக்டரி, யார் வீட்டுக்கு ஒறம்பரையாப் போனாலும் வேக வச்சுக் கொண்டாந்து வைப்பாங்க. ‘வேண்டாம் கண்ணு, வயித்துக்கு ஆகாது’ன்னு சொல்லிடுவாங்க. காரணம் கடைசி வருசத்துல எங்கிட்ட மட்டும்தான் சொன்னாங்க. மலாயாவுல இருந்து வந்துக்கிட்டிருந்த சவ்வரிசி யுத்தத்துல நின்னு போனதாலதான் 1943ல சேலத்துல அந்தத் தொழிலே ஆரம்பிச்சுதுன்னு நான் படிச்சதைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, ‘அங்க நாங்க அதைத் தின்னுக்கிட்டு இருந்தப்ப இங்க அதை அரைக்க ஆரம்பிச்சிருக்காங்க’ன்னாங்க.

நடையைப் பத்தி ஒரு தடவை சொன்னாங்க. 45 ஏப்ரல் கடைசியில ரங்கூனை விட்டுக் கிளம்பினாங்க. நேதாஜியும் கூடவே வந்தாரு. லாரி கொஞ்ச தூரம், அப்பறம் நடை. பகல்ல விமானம் வந்து சுடும், அதனால மரத்தடியில படுத்துக்கிட்டு, ராத்திரியில நடக்கணும். மழை வேற. இருட்டுல வழி தெரியாம இருக்க முன்னால போறவங்க சட்டையைப் பிடிச்சுக்கிட்டே போவாங்களாம். சிட்டாங் ஆத்தைத் தாண்டி, பாங்காக் போய்ச் சேர மூணு வாரம். பூட்ஸுக்குள்ள கொப்புளம் உடைஞ்சு, காலுறை தோலோட ஒட்டிக்கிட்டு வருமாம். தங்கற இடத்துல முதல் வேலை சாப்பாடு இல்ல. உக்காந்து ஒருத்தர் காலை இன்னொருத்தர் மடியில வச்சுப் பார்க்கணும். தானே தன் காலைப் பார்த்தா ‘ஒண்ணுமில்ல’ன்னு விட்டுடுவோம்னுதான் ஒருத்தர் காலை இன்னொருத்தர் பார்க்கறதுன்னு வச்சிருந்தாங்களாம்.

இதை நான் கேட்டிருக்கேன். ஆனா திண்ணை முக்காலி விஷயம் எனக்குத் தெரியாது. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே அவங்க ரிட்டயர் ஆயிட்டாங்க. கிளுவைவேலி தாத்தா எழுதினதை வாசிச்சப்ப அம்மாவும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்.

ஏன் டீச்சரானீங்கன்னு கேட்டதுக்கு, முகாம்ல கூட இருந்த பொண்ணுங்கள்ல பாதிப் பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதுன்னும், இவங்க தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ஆறாவது வரை படிச்சதால எல்லாருக்கும் கடிதம் எழுதிக் கொடுத்தாங்கன்னும் சொன்னாங்க. ஒரு பொண்ணு மட்டும் ‘எனக்கு எழுதித் தராத, எழுதச் சொல்லிக் கொடு’ன்னு கேட்டுச்சாம். மேமியோவுல, ஆஸ்பத்திரி வேலை முடிஞ்சு, மருந்துப் பெட்டி அட்டையில அ, ஆ எழுதிக் கொடுத்தாங்களாம். அந்தப் பொண்ணு பேரு கடைசி வரைக்கும் சொல்லல. என்ன ஆச்சுன்னும் சொல்லல.

---

வரலாறு வாத்தியார்

பேத்திக்கு என் வணக்கம். அந்தப் படையிலிருந்து மலேசியாவில் ஆசிரியையானவர் ரசம்மா பூபாலன். 1960ல் பெண் ஆசிரியர்களுக்கென்று சங்கம் கண்டு, ஆணுக்குச் சமமான சம்பளம் கேட்டுப் போராடியவர். உங்கள் பெரியாத்தா வயசுக்காரர்தான். அதே முகாம்களில் இருந்தவர்கள். ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் ராசிபுரம் பக்கத்தில்.

---

மேட்டூர்க் கால்வாய்

முதல்ல சான்று கேட்டவன் நான். இப்ப ஒரு யோசனை சொல்லட்டுமா? ‘வீராங்கனை’ பட்டத்தைப் போட்டா குழுவுல காகிதம் கேப்பாங்க. அவங்க என்ன சொன்னாங்களோ அதை ‘அவங்க சொன்னது’ன்னு போடுங்க. நீங்க எல்லாரும் என்ன பார்த்தீங்களோ அதை ‘நாங்க பார்த்தது’ன்னு போடுங்க. பார்த்ததுக்கு இத்தனை பேர் சாட்சி இருக்கீங்க.

---

கிளுவைவேலி

அப்படியேதான் எழுதறேன். முதல் வரி இப்படி வச்சிருக்கேன்: ‘1951 முதல் 1984 வரை இந்தப் பள்ளியின் திண்ணைப் படியில் அமர்ந்து எங்கள் கால்களைப் பார்த்தவர்.’ அதுக்கு அடுத்து பேத்தி சொன்ன நடை. அப்பறம் கடைசித் தெருத் திண்ணையில அவங்க கேட்ட தண்ணி. 65. பென்ஷன் ஆபீஸ் விஷயத்தை விட்டுடலாம்னு நினைச்சேன், கடைசித் தெரு போன் பண்ணி ‘அதையும் போடு’ன்னான். போடறேன். ரெண்டு பக்கம் பத்தாது, குழுவுல நாலு கேட்டிருக்கேன்.

பேத்தி கண்ணு, அந்த முள்ளுவாங்கி உங்க வீட்டுல இருக்குதா?

---

டீச்சர் பேத்தி

இருக்கு தாத்தா. பூஜை அலமாரியில ஒரு டப்பாவுல. ஊசிப் பக்கம் முனை மழுங்கியிருக்கு, இடுக்கி நல்லா இருக்கு. இவ்வளவு நாளா அது எதுக்குன்னு தெரியாமத்தான் வச்சிருந்தோம்.

---

கிளுவைவேலி

தேய்க்க வேண்டாம், புளி போட வேண்டாம், இருக்கற மாதிரியே விடு. வர்ற ஞாயித்துக்கிழமை நானும் கடைசித் தெருவும் ஒட்டுக்கா வர்றோம். 68ல எடுத்த வகுப்பு போட்டோ யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க, வழியில வந்து வாங்கிக்கறேன்.